ஒரே ஞாயித்துக்கிழமை, அஞ்சு படம்: கம்ப்யூட்டர் பங்காளிங்க சண்டையில எதைப் போடறது?

அக்கா பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். போன வாரம் ஃபோன் பண்ணி "மாமா, இந்த ஸ்டீவ் ஜாப்ஸும் பில் கேட்ஸும் அடிச்சுக்கிட்ட கதை படமா வந்திருக்காமே, தேடுனா நாலஞ்சு வருது, எதைப் பாக்கறது?"ன்னு கேட்டான். இந்த ஞாயித்துக்கிழமை அக்காவும் அவனும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு படம் போடலாம்னு பேச்சு, ஒண்ணே ஒண்ணு தான், ஏன்னா மறுநாள் காலைல அஞ்சரை பஸ்ஸுக்கு அவன் ஹாஸ்டலுக்கு கெளம்பணும். கேள்வி சின்னது தான், ஆனா நான் ரெண்டு நாளா அதையே யோசிச்சுட்டு பழைய படங்களை எல்லாம் திரும்ப ஓட்டிப் பாத்துட்டேன், சரி எழுதியே வெச்சுடலாம், வேற யாருக்காவது இதே குழப்பம் இருந்தா ஆகட்டும்னு தான் இது.

களத்துல இருக்கறது இவ்ளோ தான். 1999ல டிஎன்டி டிவிக்காக எடுத்த பைரேட்ஸ் ஆஃப் சிலிக்கான் வேலி. 2009ல பிபிசி ஃபோர்ல வந்த மைக்ரோ மென். 2013ல ஆஷ்டன் குட்சர் நடிச்ச ஜாப்ஸ். 2015ல டேனி பாயில் எடுத்த ஸ்டீவ் ஜாப்ஸ். இது போக 1996ல வந்த ட்ரயம்ஃப் ஆஃப் த நேர்ட்ஸ்னு மூணு பார்ட் டாக்குமெண்டரி. ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்னு ஒரு சீரியல் இருக்கு, அருமையான சரக்கு, ஆனா நாலு சீசன், 40 எபிசோட், ஒரு ராத்திரிக்கு ஆகற கதையா அது, அதனால போட்டியில இருந்து தூக்கிட்டேன்.

என்னோட அளவுகோல் என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்பறம் சண்டைக்கு வரக்கூடாது. அவன் கேட்டது போட்டி பத்துன படம். போட்டின்னா எனக்குத் தெரிஞ்சது பங்காளிச் சண்டை தான், ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கறவங்க, ஒருத்தனுக்கு இன்னொருத்தன் நல்லாத் தெரியும், ரெண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும், ரெண்டு பேர் பக்கமும் கொஞ்சம் களவாணித்தனம் இருக்கும். அந்த ரெண்டு பேரையும் சமமா நிக்க வெச்சுக் காட்டணும். ஒருத்தனை மட்டும் க்ளோஸப்புல வெச்சு மத்தவனை ஃபோன்ல குரலா மட்டும் காட்டுனா அது சண்டைப் படம் இல்ல, கட்அவுட்டுக்கு பாலாபிஷேகம்.

அந்தக் கணக்குல ஜாப்ஸ் 2013 முதல் ரவுண்டுலயே அவுட். குட்சர் நடையெல்லாம் நல்லாத்தான் பிடிச்சிருக்காரு, கொஞ்சம் கூன் போட்டு தலையை முன்னாடி நீட்டிக்கிட்டு நடக்கற அந்த நடை. ஜாப்ஸ் மாதிரியே பழமா தின்னு கணையத்துல பிரச்சனை வந்து ஆஸ்பத்திரியில படுத்ததாவும் அவரே சொல்லியிருக்காரு, உழைப்பு உழைப்பு தான். கொஞ்சம் இந்தியாவுலயும் எடுத்தாங்க, 1974ல ஜாப்ஸ் சாமியாரைத் தேடி இங்க வந்த பகுதிக்காக. ஆனா படம் 2001ல ஐபாட் அறிமுகத்துல ஆரம்பிச்சு பின்னாடி போய் ஒவ்வொரு மைல்கல்லா தொட்டுட்டு ஓடுது, ஒவ்வொண்ணுக்கும் பின்னணி இசை உசுப்பேத்துது. பில் கேட்ஸ் வர்றது ஒரே ஒரு ஃபோன் கால், இவரு கத்துவாரு, அவ்ளோ தான். ஜாப்ஸோட சேந்து ஆப்பிளை ஆரம்பிச்ச ஸ்டீவ் வாஸ்னியாக்கே இந்தப் படத்தை நல்லா குறை சொல்லியிருக்காரு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும், அந்த நேரத்துக்கு அக்கா செஞ்ச குழிப்பணியாரத்தை சாப்பிட்டுட்டு தூங்கலாம்.

பைரேட்ஸுக்கு வர்றேன், இங்க எனக்கு பாரபட்சம் இருக்கு, ஒத்துக்கறேன். நான் இந்தப் படத்தை முதல்ல பாத்தது காலேஜ் முடிச்ச புதுசுல, பர்மா பஜார்ல இருந்து ஃப்ரெண்டு வாங்கிட்டு வந்த திருட்டு விசிடியில, ரெண்டு டிஸ்க், ரெண்டாவது டிஸ்க் நடுவுல சிக்கிச் சிக்கி ஓடும். அதைப் போட்டுப் பாத்தது ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ண பிசியில, அதுல இருந்த விண்டோஸ் 98ஓட சிடி கவர் மேல மார்க்கர் பேனாவுல கீ எழுதி இருந்துச்சு, புரிஞ்சிருக்கும். ஆக, யாரு யாருகிட்ட திருடுனதுன்னு கேக்கற படத்தை திருட்டு சிடியில, திருட்டு ஓஎஸ்ல உக்காந்து பாத்த கூட்டம் நாங்க, 1976ல பில் கேட்ஸ் எழுதுன அந்த லெட்டர்ல, அதான் எங்க பேசிக்கை (மைக்ரோசாஃப்ட் வித்த ப்ரோக்ராம் மொழி) காசு குடுக்காம காப்பி அடிச்சுட்டு இருக்கீங்களே இது திருட்டு இல்லையான்னு ஹாபிகாரங்களைப் பாத்துக் கேட்ட லெட்டர்ல, எங்களையும் தான் திட்டி இருக்காருன்னு ரொம்ப நாள் கழிச்சு தான் உறைச்சுது.

படத்தோட அமைப்பு நல்லா இருக்கும். 1984 விளம்பரம் இருக்குல்ல, ஆப்பிள் மேக்கிண்டாஷுக்காக ரிட்லி ஸ்காட் எடுத்தது, ஒரு பொண்ணு சுத்தியலைத் தூக்கி ஸ்க்ரீன் மேல வீசுமே, அந்த ஷூட்டிங்ல படம் ஆரம்பிக்கும். முடியறது 1997 ஆகஸ்ட், பாஸ்டன்ல மேக்வேர்ல்ட்ங்கற மேக் கண்காட்சி, ஜாப்ஸ் மேடையில சின்னதா நிக்கறாரு, பின்னாடி ராட்சச ஸ்க்ரீன்ல பில் கேட்ஸ் மூஞ்சி. மைக்ரோசாஃப்ட் ஆப்பிள்ல 150 மில்லியன் டாலர் போட்ட அறிவிப்பு அது. எந்தப் பெரிய ஸ்க்ரீனை உடைக்கறோம்னு விளம்பரம் எடுத்தாங்களோ அதே மாதிரி ஒரு ஸ்க்ரீனுக்குக் கீழ ஆளே வந்து நிக்கறாரு. இதை படம் வசனத்துல சொல்லாது, ரெண்டு ஸ்க்ரீனையும் ரெண்டு முனையில வெச்சுட்டு சும்மா இருந்துடும், எனக்கு அதுவே போதும்.

கதையை நேரா ஜாப்ஸும் கேட்ஸும் சொல்றதில்ல. பக்கத்துல இருந்து பாத்த ரெண்டு பேர் சொல்றாங்க, இந்தப் பக்கம் வாஸ்னியாக், அந்தப் பக்கம் கேட்ஸோட மைக்ரோசாஃப்ட் கூட்டாளி ஸ்டீவ் பால்மர். நம்ம ஊர்ல ரெண்டு குடும்பத்து சண்டையை ரெண்டு பக்கத்து மச்சானுங்க டீக்கடையில உக்காந்து சொல்ற மாதிரி. வாஸ்னியாக் சொல்றப்போ வருத்தமா இருக்கும், பால்மர் சொல்றப்போ வாயெல்லாம் பல்லா இருக்கும், அதுலயே யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சுடும்.

நோவா வைலி ஜாப்ஸா வர்றாரு, ஆந்தனி மைக்கேல் ஹால் கேட்ஸா வர்றாரு. எனக்கு ஹால் தான் உசத்தி. அழுக்குக் கண்ணாடி, கலைஞ்ச தலை, சீட்டாட்டத்துல பணத்தை விட்டுட்டு அலட்டிக்காம இருக்கறது, ராத்திரியில புல்டோசரை எடுத்து ஓட்டி ரேஸ் விடறது (இது நிஜமாவே மைக்ரோசாஃப்ட் முதல்ல இருந்த ஆல்புகர்க்கி ஊர்ல நடந்த கூத்து தான்), ஆனா ஒரு கம்பெனிக்காரன் முன்னாடி உக்காந்துட்டா கண்ணு மட்டும் மாறும். வைலி பத்தி ஒரு கதை உண்டு, படம் வந்த அடுத்த மாசம், 1999 ஜூலை, நியூயார்க் மேக்வேர்ல்ட் மேடையில கறுப்பு டிஷர்ட் ஜீன்ஸ் போட்டு ஒருத்தர் வந்து பேச ஆரம்பிச்சாரு, கூட்டம் கை தட்டுது, பாத்தா அது வைலி, அப்பறம் நிஜ ஜாப்ஸ் வந்து நீ என்னை மாதிரி பண்றது சரியில்லன்னு கலாய்ச்சாரு. படத்துல அவரை எவ்ளோ கேவலமா காட்டி இருக்காங்கன்னு பாத்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும், வேலைக்கு இன்டர்வியூ வந்தவனை உக்கார வெச்சு அவமானப்படுத்தறது, பெத்த மகளை என் புள்ள இல்லன்னு சொல்றது எல்லாம் வருது. வாஸ்னியாக் அப்பறம் ஆளுங்களோட குணம் எல்லாம் சரியாத்தான் வந்திருக்குன்னு சொன்னாரு.

இந்தப் படத்தை தூக்கி நிறுத்தற காட்சி ரெண்டு. ஒண்ணு ஐபிஎம் மீட்டிங். 1980, ஐபிஎம் ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் போடப் போகுது, ஆபரேட்டிங் சிஸ்டம் வேணும், கேட்ஸ் எங்ககிட்ட இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவாரு, கையில ஒண்ணும் இல்ல. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ்னு பக்கத்துல ஒரு சின்னக் கம்பெனி, அங்க டிம் பேட்டர்சன் எழுதி வெச்சிருந்ததை வாங்கிட்டாங்க, முழு உரிமைக்கு 1981 ஜூலைல குடுத்தது 50,000 டாலர். இதை விட முக்கியம், ஐபிஎம்முக்கு வித்தாலும் வேற கம்பெனிக்கும் விக்கற உரிமையை கேட்ஸ் கையிலயே வெச்சுக்கிட்டாரு. ஐபிஎம் ஆளுங்களுக்கு அது பெருசாத் தெரியல, லாபம் எல்லாம் பெட்டியில தானே, சாஃப்ட்வேர்ல என்ன இருக்குன்னு நினைச்சுட்டாங்க. படத்துல அந்த இடத்துல எல்லாரும் அப்படியே உறைஞ்சு நிப்பாங்க, பால்மர் மட்டும் ஃப்ரேமுக்கு வெளிய வந்து நம்மளைப் பாத்து இது எப்பேர்ப்பட்ட தருணம்னு விளக்குவாரு. பையனுக்கு இதைக் காட்டணும்னு எனக்கு ஆசை, ஏன்னா ரிச்சி ஸ்ட்ரீட் பிசி எப்படி சாத்தியமாச்சுன்னு கேட்டா பதில் அங்க தான் இருக்கு, அந்த ஒரு ஷரத்து இல்லன்னா காம்பாக்கும் மத்தவங்களும் ஐபிஎம் மாதிரியே பெட்டி செஞ்சாலும் உள்ள போட ஓஎஸ் கிடைச்சிருக்காது.

இன்னொண்ணு கடைசியில வர்ற அந்த வாய்ச்சண்டை. ஜாப்ஸ் விண்டோஸைப் பாத்துட்டு நீ என்கிட்ட திருடிட்டன்னு குதிக்கறாரு, கேட்ஸ் சொல்றாரு, நம்ம ரெண்டு பேருக்கும் பக்கத்துல ஜெராக்ஸ்னு ஒரு பணக்காரன் வீடு, நான் டிவியைத் தூக்கலாம்னு போனேன், போய்ப் பாத்தா நீ முந்திட்டே, அப்பறம் என்னை எப்படி திருடன்னு சொல்றேன்னு. மேக் டீம்ல இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் நேர்ல பாத்ததா எழுதி வெச்ச சம்பவம் தான் இது, 1983ல நடந்தது, வார்த்தை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். நம்ம ஊர்ல ஜெராக்ஸ்னாலே காப்பி எடுக்கறது தான், ரெண்டு ஜெராக்ஸ் போடுங்கண்ணேன்னு தான் கேப்போம், அந்த ஜெராக்ஸ்கிட்ட இருந்தே ரெண்டு பேரும் காப்பி எடுத்துட்டு யாரு ஒரிஜினல்னு அடிச்சுக்கறாங்க.

ஆனா இங்க தான் படம் கொஞ்சம் கோட்டை விடுது. ஜெராக்ஸ் வீட்டுக்குள்ள ஆப்பிள்காரங்க சுவரேறிக் குதிக்கல. 1979 டிசம்பர்ல பாலோ ஆல்டோ ரிசர்ச் சென்டருக்குப் போய் மவுஸ், விண்டோ, ஐகான் எல்லாம் பாத்தாங்க சரி, ஆனா அதுக்குப் பதிலா ஆப்பிள் பங்கு மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே 1,00,000 பங்கை ஜெராக்ஸ் 10 லட்சம் டாலருக்கு வாங்கிக்க விட்டாங்க. கொடுக்கல் வாங்கல் இருந்துச்சு. அதே மாதிரி கேரி கில்டாலுக்கு இந்தப் படத்துல இடமே இல்ல, சிபி/எம்னு அப்போ இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுன மனுஷன், ஐபிஎம் ஆளுங்க 1980ல அவரு கம்பெனிக்கும் போய்ப் பேசி அது கைகூடாம போச்சு, பேட்டர்சன் எழுதுனதும் அந்த சிபி/எம் சாயல்ல தான். பங்காளி ரெண்டு பேர்னு கதை சொல்றப்போ மூணாவது பங்காளியை ஊரே மறந்துடும், இங்கயும் அதான். செட்டெல்லாம் டிவி பட்ஜெட், விக்கு விக்குன்னே தெரியும், 4கே டிவியில போட்டா இன்னும் நல்லாத் தெரியும். ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சுடும்ங்கறது ஆறுதல்.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2015 வேற சாதி. படமா பாத்தா இந்த வரிசையிலயே அது தான் உசத்தி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆரன் சார்க்கின் எழுத்து, மூணே மூணு பகுதி, மூணும் ஒரு பொருள் அறிமுகத்துக்கு முன்னாடி மேடைக்குப் பின்னால நடக்கறது, 1984 மேக்கிண்டாஷ், 1988 நெக்ஸ்ட் (ஆப்பிளை விட்டுட்டு ஜாப்ஸ் ஆரம்பிச்ச கம்பெனியோட கம்ப்யூட்டர்), 1998 ஐமேக். முதல் பகுதி 16 எம்எம்ல, ரெண்டாவது 35ல, மூணாவது டிஜிட்டல்ல எடுத்திருப்பாங்க, காலம் மாற மாற படத்தோட தோலும் மாறும். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் கொஞ்சம் கூட ஜாப்ஸ் மாதிரி இருக்க மாட்டாரு, பத்து நிமிஷத்துல அது மறந்தும் போயிடும். கேட் வின்ஸ்லெட் ஜாப்ஸ் கூட வேலை பாத்த ஜோவானா ஹாஃப்மனா வந்து அந்த ஆளை மேய்க்கறதுக்கே கோல்டன் குளோப் குடுத்தாங்க.

ஆனா இதுல பங்காளி யாரு? பில் கேட்ஸ் இல்ல. வாஸ்னியாக் வந்து ஆப்பிள் டூங்கற பழைய கம்ப்யூட்டர் டீமுக்கு மேடையில ஒரு நன்றி சொல்லுடான்னு கெஞ்சறாரு, ஆப்பிள் தலைமைப் பொறுப்புல இருந்த ஸ்கல்லி வந்து யாரு யாரை வெளிய அனுப்புனதுன்னு மல்லுக்கட்டறாரு, ஆனா எல்லாச் சண்டையும் சுத்திச் சுத்தி ஜாப்ஸோட மக லிசாகிட்ட தான் வந்து நிக்குது. லிசான்னு கம்ப்யூட்டருக்குப் பேர் வெச்சுட்டு அது ஏதோ டெக்னிகல் பேரோட சுருக்கம்னு வருஷக்கணக்கா சாதிச்ச மனுஷன் கதை. நல்ல அப்பா மகள் படம், கம்ப்யூட்டர் படம் இல்ல. அந்த மேடைக்குப் பின்னாடி சண்டைங்க அப்படி வரிசையா வந்து நடந்ததும் இல்ல, எழுதுனவர் கோத்தது. ஒரே ஒரு நல்ல தகவல் உள்ள ஒளிஞ்சிருக்கும், 1984 மேடையில ஹலோன்னு பேசுன மேக் கடையில வித்த 128கே மெஷின் இல்ல, பேசற அளவுக்கு அதுக்கு மெமரி பத்தாதுன்னு 512கே ப்ரோட்டோடைப்பை வெச்சுத் தான் ஓட்டுனாங்க, அப்பவே டெமோன்னா டெமோ தான். இதைத் தனியா ஒரு நாள், வசனத்தைக் காது குடுத்துக் கேக்கற மூட்ல பாக்கணும், சாப்பிட்டு சாஞ்சு உக்காந்து நடுநடுவுல தட்டு எடுத்து வெச்சுட்டு பாக்கற படம் இல்ல, ரெண்டு நிமிஷம் விட்டா போச்சு.

டாக்குமெண்டரி பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். ராபர்ட் எக்ஸ் கிரிஞ்ச்லின்னு ஒரு நக்கல் புடிச்ச பத்திரிகையாளர், எல்லா ஆளுங்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய் நேரா உக்காந்து பேசறாரு. ஜாப்ஸ் அப்போ ஆப்பிள்ல இல்ல, நெக்ஸ்ட்ல இருக்காரு, அந்தக் கடுப்புல மைக்ரோசாஃப்டுக்கு ரசனையே கிடையாதுன்னு கேமரா முன்னாடி போட்டு உடைக்கறாரு. ஜெராக்ஸ்ல இருந்த அடீல் கோல்ட்பர்க் வந்து, இவங்களுக்கு எதையும் காட்டாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், மேல இருந்து ஆர்டர் வந்தப்பறம் தான் காட்டுனோம்னு சொல்றது தங்கம், பைரேட்ஸ் படத்துல ரெண்டு நிமிஷத்துல வந்து போற சம்பவத்துக்கு அது தான் சாட்சி. நெஜமான ஆளுங்க பேசறதைக் கேக்கணும்னா இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஆனா மூணு பார்ட், அக்கா முதல் பார்ட்லயே குறட்டை விடும்.

மைக்ரோ மென்னுக்கு வர்றப்போ தான் என் மனசு ஆட்டம் காணுது. இங்க பேர் தெரிஞ்ச ஆளுங்க யாரும் இல்ல, ஜாப்ஸ் இல்ல கேட்ஸ் இல்ல. இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ், 1980 ஒட்டி. க்ளைவ் சின்க்ளேர்னு ஒருத்தர், வழுக்கைத் தலை, செந்தாடி, மகா மேதைங்கற நினைப்பு (மென்சான்னு அறிவாளிங்க சங்கம் இருக்கே, அதோட பிரிட்டிஷ் தலைவரா பல வருஷம் இருந்தவரு). அவர்கிட்ட வேலை பாத்தவர் க்றிஸ் கரி. முதலாளிக்கு எலெக்ட்ரிக் வண்டி தான் கனவு, கம்ப்யூட்டர் அதுக்குக் காசு சேக்கற வழி. கரிக்கு கம்ப்யூட்டரே கனவு. 1978ல கரி, ஹெர்மன் ஹவுசர்ங்கற ஆஸ்திரியாக்காரரோட சேந்து தனிக்கடை போடறாரு, அதான் ஏகார்ன். அலெக்சாண்டர் ஆம்ஸ்ட்ராங் சின்க்ளேரா, மார்ட்டின் ஃப்ரீமன் கரியா. இது தான் அசல் பங்காளிச் சண்டை, ஒரே இலையில சாப்பிட்டவங்க, ஒரே ஊரு, ஒருத்தர் பலவீனம் இன்னொருத்தருக்கு அத்துப்படி.

சண்டை எதுக்குன்னா பிபிசி ஜனங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்க டிவி நிகழ்ச்சி நடத்தப் போகுது, அதுக்கு கூடவே ஒரு மெஷின் வேணும், அந்தக் காண்ட்ராக்ட் யாருக்கு. சின்க்ளேர் ஏற்கனவே 100 பவுனுக்கு அஞ்சு பென்ஸ் குறைச்சலா இசட்எக்ஸ்80 வித்துக்கிட்டு இருந்தவரு, இந்தக் காண்ட்ராக்ட் என்னை விட்டா யாருக்குன்னு நினைச்சாரு. ஏகார்ன் பக்கம் ஒரு மெஷினும் ரெடியா இல்ல, வரைபடம் தான் இருக்கு, பிபிசி ஆளுங்க வெள்ளிக்கிழமை பாக்க வர்றாங்க. ஹவுசர் பண்ண வேலை இருக்கே, ஏகார்னுக்கு மெஷின் வடிவமைக்கற ஸ்டீவ் ஃபர்பருக்கு ஃபோன் போட்டு ஒரு வாரத்துல முடிச்சுடலாம்னு அவரோட கூட்டாளி சோஃபி வில்சன் சொல்றாங்கன்னு சொன்னாரு, வில்சனுக்கு ஃபோன் போட்டு ஃபர்பர் முடியும்ங்கறாருன்னு சொன்னாரு, ரெண்டு பேரும் அவங்க சொல்லிட்டாங்களேன்னு ஒத்துக்கிட்டாங்க, ராத்திரி பகலா ஒயர் சுத்தி வெள்ளிக்கிழமை காலைல மெஷின் உசுரு வந்துடுச்சு. நம்ம ஊர்ல ரெண்டு சம்பந்திகளையும் இப்படித்தான் தரகர் சம்மதிக்க வெப்பாரு. ப்ராஜெக்ட் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி கண்ணு முழிக்கற பையன் இந்தப் பகுதியை விழுந்து விழுந்து ரசிப்பான்னு எனக்கு நம்பிக்கை.

பிபிசி 12,000 மெஷின் போகும்னு கணக்கு போட்டுச்சு, போனது 15 லட்சம். கோவத்துல சின்க்ளேர் 1982 ஏப்ரல்ல ஸ்பெக்ட்ரம் விட்டாரு, 16கே 125 பவுன், 48கே 175, ரப்பர் சாவி, பிபிசி மெஷினை விட எக்கச்சக்கமா விலை கம்மி, புள்ளைங்க எல்லாம் கேம் ஆடி ஆடியே அதை ஜெயிக்க வெச்சாங்க. அப்பறம் 1984 கிறிஸ்மஸ் சமயம், ஏகார்ன் ஒரு விளம்பரம் போடுது, சின்க்ளேர் மெஷின்கள் எவ்ளோ ரிப்பேராகித் திரும்ப வருதுன்னு குத்திக்காட்டி. சர் பட்டம் வாங்குன மனுஷன், கேம்பிரிட்ஜ்ல பேரன் ஆஃப் பீஃப்ங்கற பப்புக்கு வந்து, அங்க இருந்த கரியை சுருட்டுன பேப்பராலயே மொத்தறாரு. நடந்த சம்பவம் இது, படத்துலயும் இருக்கு. பைரேட்ஸ்ல ரெண்டு கோடீஸ்வரங்க டயலாக் பேசிக்கறாங்க, இங்க ரெண்டு நடுத்தர வயசு ஆளுங்க பேப்பரை வெச்சு அடிச்சுக்கறாங்க, எது நெஜ சண்டை மாதிரி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

முடிவுல ரெண்டு பேருமே கவுந்தாங்க. 1985ல ஏகார்ன் இத்தாலியோட ஒலிவெட்டி கைக்குப் போச்சு, சின்க்ளேர் தன் கனவு வண்டி சி5ஐ 399 பவுனுக்கு ஜனவரிக் குளிர்ல விட்டு ஊரே சிரிச்சுது, 1986ல கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட்டுக்கு 50 லட்சம் பவுனுக்கு வித்துட்டாரு. ஆனா கவுந்துக்கிட்டு இருக்கற அந்த 1985லயே ஏகார்னுக்குள்ள அதே வில்சனும் ஃபர்பரும் ஒரு சிப் போட்டாங்க, அது பேர் ஏஆர்எம். 1990ல அதைத் தனிக் கம்பெனியாக்குனப்போ கூட்டு சேந்தது யாரு தெரியுமா, ஆப்பிள். இப்போ பையன் கையில இருக்கற ஃபோன்ல ஓடறது அந்த வம்சம் தான், அவன் ப்ராஜெக்டுக்கு வாங்குன ராஸ்பெர்ரி பைலயும் அதே தான். ஜாப்ஸ், கேட்ஸ் ரெண்டு பேரையும் விட அவன் பாக்கெட்டுக்கு நெருக்கமான ஆள் வில்சன், அவனுக்கு பேர் கூட தெரியாது. படத்துல பப் நடத்தற அம்மாவா ஒரு நொடி அந்த நிஜ வில்சனே வந்து போவாங்க, கண்டுபுடிச்சா சந்தோஷமா இருக்கும்.

குறைன்னா, சின்க்ளேரை கொஞ்சம் ஓவராவே கோமாளி ஆக்கிட்டாங்க, சும்மா சும்மா கத்திக்கிட்டே இருப்பாரு. பிரிட்டிஷ் உச்சரிப்புக்கு சப்டைட்டில் இல்லாம எனக்கே கஷ்டம். ஓடிடியில எங்க இருக்குன்னு தேடணும், இந்த மாதிரி டிவி படங்க ஒரு இடத்துல நிக்கறதில்ல, பைரேட்ஸுக்கும் இதே கதி தான்.

ஆக என் கணக்கு இப்படி ஓடுச்சு. ஜாப்ஸ் கேட்ஸ் கதையே தெரியாத ஆளுக்கு, ஒரே ஒரு படம்னா, பைரேட்ஸ். விக்கு தெரிஞ்சா பரவால்ல, ரெண்டு பேரையும் நிக்க வெச்சு ரெண்டு பேரும் திருடனுங்க தான்னு கூசாம சொன்ன படம் அது ஒண்ணு தான். கதை ஏற்கனவே தெரியும், சினிமா பாக்கணும்னா 2015. வேலைக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு, மேனேஜர்கிட்ட மாட்டி முழிக்கறவனுக்கு மைக்ரோ மென். லீவு நாள்ல ஒரு வாரம் கையில இருந்தா ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர், ஐபிஎம் பெட்டியை பிரிச்சு மேஞ்சு க்ளோன் போடற டெக்சாஸ் கதை, கற்பனை ஆளுங்க தான் ஆனா வேலை நெஜம். பையன் ரெண்டாவது வருஷம், அவனுக்கு பைரேட்ஸ் தான்னு முடிவு பண்ணி சனிக்கிழமையே மெசேஜ் போட்டுட்டேன், சரி மாமான்னு கட்டை விரல் அனுப்புனான்.

ஞாயித்துக்கிழமை அவன் குளிச்சுட்டு வர்ற நேரம், நான் மைக்ரோ மென் பத்தி இதை எழுதறதுக்காக ஃபோன்ல அந்த பிபிசி மெஷின் படத்தை வெச்சுப் பாத்துட்டு இருந்தேன், வெளிர் கலர் பெட்டி, கறுப்பு சாவி, மேல ஒரு வரிசை மட்டும் செக்கச்செவேல்னு. அக்கா தட்டுல பணியாரத்தோட வந்து எட்டிப் பாத்துட்டு "இது எங்க ஸ்கூல்ல இருந்துச்சுடா"ன்னு சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் தான் கணக்கு போட்டேன், 1984ல கவர்மெண்டு கிளாஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு பள்ளிக்கூடங்களுக்கு கம்ப்யூட்டர் குடுத்துச்சு, குடுத்த மெஷின் இந்த பிபிசி மைக்ரோ தான். அக்கா அப்போ எட்டாவதோ ஒம்பதாவதோ.

"ரூமைப் பூட்டியே தான் வெச்சிருப்பாங்க, வாரத்துக்கு ஒரு நாள், செருப்பை வெளிய விட்டுட்டு போகணும். ஒரு மெஷினுக்கு நாலு பேரு. அந்த சிவப்பு பட்டனைத் தொடக்கூடாதுன்னு மிஸ்ஸு சொல்லும், எதுக்குன்னு அதுக்கும் தெரியாது. என் பேரை நானே அடிச்சு ஸ்க்ரீன் பூரா ஓட விட்டேன், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல."

தலையைத் துவட்டிக்கிட்டே வந்த பையன் அம்மாவை ஏதோ புது ஆளைப் பாக்கற மாதிரி பாத்தான். "நீ கோடு அடிச்சிருக்கியா?"

"ரெண்டு வரிடா. பத்து, இருபதுன்னு நம்பர் போட்டு எழுதணும்."

பைரேட்ஸ் அடுத்த லீவுக்கு. ராத்திரி ஒம்பதரைக்கு மைக்ரோ மென் போட்டோம், அக்கா ஒரு தடவை கூட குறட்டை விடல, சின்க்ளேர் கத்தறப்போ எல்லாம் எங்க தாத்தா மாதிரியே இருக்காருன்னு சிரிச்சுட்டே இருந்துச்சு. அந்த சிவப்பு சாவி ஸ்க்ரீன்ல வந்தப்போ மட்டும் "நிறுத்து நிறுத்து"ன்னு சொல்லி எந்திரிச்சு டிவிகிட்ட போய் நின்னு பாத்துச்சு.